காற்றுக் கொண்டுபோகாத புகை

“கடலிலை பத்தினா ஆருக்கு என்ன? காத்து அள்ளிக்கொண்டு போயிடும்.” தீவுப்பகுதிப் படகுகள் புறப்படும் குறிகட்டுவான் இறங்குதுறையில் சிகரெட்டும் கையுமாக நிற்பவரிடம் வாய் திறந்தால் கிடைக்கிற மறுமொழி இதுதான். படகுக்காரர் சொல்வார், பயணி சொல்வார். வாழ்நாளில் ஒரு பீடிகூடத் தொடாத மனிதர் பக்கத்தில் நின்று “ஓமோம்” என்று தலையாட்டுவார். இதையே உல்லாசக் கப்பல் கம்பனிகள் இன்னும் நாகரிகமாகச் சொல்கின்றன: திறந்த மேற்தளத்தில் ஒரு பக்கத்தைப் புகைப்பவர்களுக்கு ஒதுக்கியிருக்கிறோம், விரும்பாதவர்கள் மறுபக்கம் இருக்கலாம். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் படகுக்காரர் சொல்வதும் பிழை, கம்பனி சொல்வதும் பிழை.

இந்தப் பேச்சை இப்போது எடுக்கக் காரணம் உண்டு. 2023 ஜூன் 16 அன்று ‘எம்பிரஸ்’ என்ற உல்லாசக் கப்பல் சென்னையிலிருந்து புறப்பட்ட பயணத்தில் காங்கேசன்துறைக்கு வந்தது. அதே ஆண்டு ஒக்டோபர் 14 அன்று நாகபட்டினத்திலிருந்து ‘செரியபாணி’ வந்தது. சில நாட்களில் அது மழைக்காலத்தைக் காட்டி நின்றுபோக, 2024 ஓகஸ்ட் 16 அன்று ‘சிவகங்கை’ ஓடத் தொடங்கியது. தலைமன்னார்–இராமேஸ்வரம் கப்பல் 1984இல் நின்றபிறகு, வடபகுதிக் கடலில் மறுபடியும் இந்தியாவிலிருந்து வரும் பயணிகள் கப்பலைப் பார்க்கிறோம். துறைமுகத்தை ஆழப்படுத்துவது பற்றியும் தீர்வையற்ற கடை பற்றியும் கூட்டம் போட்டுப் பேசுகிறார்கள். கப்பலில் மனிதர் எந்தக் காற்றைச் சுவாசிப்பது என்பதை ஒருவரும் பேசக் காணோம். அதுதான் தீர்ந்த விஷயமாயிற்றே, காற்றுக் கொண்டுபோகுமே!

கொண்டுபோகிறதா, பார்ப்போம்.

ஓடுகிற கப்பலின் முகப்பில் நின்று நெருப்புக்குச்சி கிழித்துப் பாருங்கள். பற்றாது. லைட்டரும் பற்றாது. அதனால் புகைக்கிறவர் என்ன செய்வார்? காற்று அடிக்காத இடத்தைத் தேடிப் போவார்: மாலுமி அறையின் பின்பக்கம், படிக்கட்டு வாசல், புகைபோக்கிச் சுவரின் மறைவு. சிகரெட் பற்றுகிற இடமென்றாலே அங்கே காற்று அடங்கியிருக்கிறது என்று பொருள். காற்று அடங்கிய இடத்தில் புகையும் போகாமல் நிற்கும். போதாததற்கு, வெயிலுக்கும் சாரலுக்கும் தலைச்சுற்றுக்கும் ஒதுங்குகிற கிழவர்களும் பிள்ளைத்தாய்ச்சிகளும் வந்து குந்துவதும் அதே மறைவில்தான். கடல் எவ்வளவு பெரியதாகவும் இருக்கட்டும். ஆட்கள் ஒதுங்குகிற இடம் நாலு முழந்தான்.

இது என் ஊகமல்ல. அமெரிக்கப் பௌதிகவியலாளர் ஜேம்ஸ் ரிப்பேஸ், கரீபியன் கடலில் மணிக்கு ஏறத்தாழ 20 கடல்மைல் வேகத்தில் ஓடிக்கொண்டிருந்த உல்லாசக் கப்பலொன்றில் கருவி வைத்து அளந்து, 2004இல் முடிவை அறிவித்தார். வெளித்தளத்தில் புகைக்க அனுமதித்த பகுதிகளில் புற்றுநோய் தரக்கூடிய துகள்கள், புகை இல்லாத பகுதிகளில் இருந்ததைப்போல மூன்று மடங்கு இருந்தன. திறந்தவெளி, நல்ல காற்று, சுற்றிவரக் கடல், எல்லாம் இருந்தும் மூன்று மடங்கு. அதே கப்பலில் கதவடைத்துப் புகைக்க விட்டிருந்த சூதாட்டக்கூடத்தின் நிலைமைக்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இருக்கவில்லை. 2007இல் ஸ்டான்ஃபோர்ட் ஆய்வாளர்கள் தரையில் அளந்தார்கள். புகைப்பவருக்கு அரை மீற்றர் தூரத்தில், காற்றுப் போகிற வாக்கில் இருப்பவர் மூடிய அறைக்குள் இருப்பவருக்கு நிகரான புகையை வாங்கலாம் என்றும், இரண்டு மீற்றர் தள்ளிப்போனால் அது நன்றாகக் குறைகிறது என்றும் கண்டார்கள். இரண்டாவது பாதியைப் பிடித்துக்கொண்டு “பார்த்தீர்களா, தள்ளி நின்றால் சரி” என்று சொல்பவர்கள் உண்டு. நல்லது. நயினாதீவுப் படகில் எனக்கு அந்த இரண்டு மீற்றரைக் காட்டுங்கள்.

அந்தப் படகில் போகாதவர்களுக்காகக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன். தலையைக் குனிந்து நாலைந்து படி கீழே இறங்கவேண்டும். கீழே பலகை இருக்கை, முழங்காலோடு முழங்கால் முட்டும். மடியில் அர்ச்சனைப் பை, காலடியில் மரக்கறிச் சாக்கு, மூலையில் செம்மஞ்சள் நிற உயிர்காப்பு அங்கிகள். பக்கத்துச் சின்ன யன்னல்களைச் சாரலுக்காகப் பூட்டியாயிற்று. மேலே படிவாசலில் இரண்டு பேர் நிற்கிறார்கள், ஒருவர் கையில் சிகரெட். “வெளியிலைதானே நிக்கிறன்” என்பது அவர் நியாயம். படகு முன்னோக்கிப் போகும்போது முன்பக்கம் அடைத்திருந்தால் உள்ளே வருகிற காற்று அந்தப் படிவாசலால்தான் வரும். இது படகோட்டிகளுக்குத் தெரியாத சங்கதியா? பின்னாலிருந்து டீசல் புகை உள்ளே அடிக்கிறது என்று அவர்களே நாளும் பொழுதும் சலித்துக்கொள்கிறார்கள். டீசல் புகை வருகிற வாசலால் சிகரெட் புகை மட்டும் வராமல் ஒதுங்கிப் போய்விடுமா? கீழே ஒரு தாய் சேலைத் தலைப்பால் பிள்ளையின் மூக்கைப் பொத்துகிறாள். முட்டு வருத்தக்காரக் கிழவி ஒருத்தி மடிக்குள்ளிருந்து பம்பை எடுத்து இரண்டு தரம் இழுக்கிறாள். ஒருவரும் ஒன்றும் சொல்வதில்லை. இருபது நிமிடந்தானே என்று பொறுத்துக்கொள்கிறார்கள். அந்தப் பொறுமையைத்தான் நாம் சம்மதம் என்று எழுதிக்கொள்கிறோம்.

நெடுந்தீவுக்குப் போகிறவருக்கு இருபது நிமிடமல்ல, ஒரு மணித்தியாலம். ‘குமுதினி’யோ ‘வடதாரகை’யோ ‘நெடுந்தாரகை’யோ தனியார் படகோ, அன்றைக்கு எது ஓடுகிறதோ அதில் ஏறவேண்டியதுதான். உல்லாசக் கப்பலில் போகிறவருக்காவது, புகை ஒத்துக்கொள்ளவில்லையென்றால் அடுத்த வருடம் வேறு கப்பலில் போகிற வசதி இருக்கிறது. கிளினிக் நாளில் யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலைக்கு வருகிற தீவுப்பகுதிக் கர்ப்பிணிக்கு எந்தத் தெரிவு இருக்கிறது? கடலை நீந்திக் கடக்கச் சொல்கிறோமா?

“பிடிக்காதவர் தள்ளி இருக்கட்டும்” என்ற வாதம் கப்பலில் செல்லாமல் போவது இதனாலேயே. தரையில் தேநீர்க்கடையில் புகை என்றால் எழுந்து அடுத்த கடைக்குப் போகலாம். கப்பலில் எழுந்து எங்கே போவது? பெரிய உல்லாசக் கப்பல்களில் இப்போது அறைக்குள்ளும் பெரும்பாலும் அறை மாடத்திலும் புகைக்கத் தடை. அதனால் எல்லாப் புகையும் அந்த ஒரு மூலைக்கு வருகிறது. அந்த மூலைக்கு மேலேயும் பின்னேயும் இருக்கிற அறைகளுக்குக் காசு கட்டியவர் மாட்டிக்கொள்கிறார். வெளிநாட்டிலிருந்து பெற்றோரைக் கப்பலில் கூட்டிக்கொண்டு போகிற பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிவைக்கவேண்டும். பயணச்சீட்டு எடுக்குமுன் எந்தத் தளத்தின் எந்தப் பக்கத்தைப் புகைப்பவர்களுக்குக் கொடுத்திருக்கிறார்கள் என்று எழுத்தில் கேளுங்கள். சூதாட்டக்கூடத்தில் புகைக்க விடுகிறார்களா என்றும் கேளுங்கள், விட்டால் அதற்கு மேலுள்ள அறை வேண்டாம். முன்பக்கத்து அறையாகப் பாருங்கள், ஓடுகிற கப்பலில் புகை பின்னுக்குத்தான் இழுபடும். இதையெல்லாம் எழுதும்போதே எனக்கு எரிச்சல் வருகிறது. புகைக்காதவன் கப்பலின் தளப்படம் பார்த்து, கடிதம் எழுதி, காற்றுத் திசை கணித்து ஏறவேண்டும், புகைப்பவன் லைட்டரோடு ஏறினால் போதும். இதற்குப் பெயர் இரு தரப்புக்கும் நியாயமாம்.

புகைப்பவர்களின் கஷ்டத்தைச் சொல்வோரும் உண்டு. “பழகினவனாலை விட ஏலாது, பாவம்” என்பார்கள். நிக்கொட்டின் பிடித்த உடம்பின் தவிப்பை நான் பரிகசிக்கமாட்டேன். ஆனால் அந்தப் பாவப்பட்டவர் யாழ்ப்பாணம் பஸ் நிலையத்தில் ஏறி, பண்ணைப் பாலம் தாண்டி, வேலணை தாண்டி, புங்குடுதீவு தாண்டிக் குறிகட்டுவானுக்கு வந்து சேர ஒரு மணித்தியாலத்துக்கு மேல் செல்லும். அவ்வளவு நேரமும் அவர் பஸ்ஸில் பத்தவில்லை. ஒரு காலத்தில் பஸ்ஸுக்குள்ளும் தாராளமாகப் புகைத்தார்கள், இன்றைக்கு ஒருவன் பற்றவைத்தால் கொண்டக்டர் பார்த்துக்கொண்டிருப்பாரா? லண்டனிலிருந்து கட்டுநாயக்காவுக்குப் பத்து மணித்தியாலத்துக்கு மேல் பறந்து வருகிறவர் ஒரு இழுவை இல்லாமல்தான் வருகிறார். விமானத்திலும் முன்பு கடைசி வரிசைகளை ஒதுக்கிக்கொடுத்து, புகை முன்னுக்கு வராது என்று சத்தியம் பண்ணினார்கள். விமானப் பணிப்பெண்களும் அந்த வரிசைகளுக்கு முன்னால் இருந்த பயணிகளும் ஆண்டுக்கணக்காக அதை மறுத்துப் போராடிய பிறகு அமெரிக்கா 1988இல் குறுந்தூரப் பறப்புகளில் தடுத்தது. சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து நிறுவனம் 1996ஐ இலக்காக வைத்து உலகம் முழுவதற்கும் அதைக் கேட்டது. இன்று விமானத்தில் புகைக்கும் வரிசை இருந்தது என்றால் பிள்ளைகள் நம்புவதில்லை. பஸ்ஸிலும் விமானத்திலும் முடிந்தது படகில் ஏறினதும் முடியாமல் போவது உடம்பின் தவிப்பால் அல்ல. கேட்க ஆளில்லை என்ற துணிவால்.

கப்பல் கம்பனிகள் இன்னொரு கதையைக் கையில் வைத்திருக்கின்றன. கார்னிவல் கம்பனி 1998இல் ‘பரடைஸ்’ என்ற கப்பலை முற்றிலும் புகையற்ற கப்பலாக ஓடவிட்டது. மீறிப் புகைத்தவருக்கு 250 டொலர் தண்டம், அடுத்த துறையில் இறக்கிவிடுதல். 2004இல் அந்த விதியைக் கைவிட்டார்கள். புகைப்பவர் ஒருவர் இருக்கிற குடும்பமோ நண்பர் குழுவோ வேறு கப்பலுக்குப் போய்விடுகிறது, மதுக்கூடத்திலும் சூதாட்டத்திலும் வரும்படி குறைகிறது என்பதே காரணமாகச் சொல்லப்பட்டது. “பார்த்தீர்களா, செய்து பார்த்துத் தோற்றது” என்று இதை நீட்டுகிறார்கள். எது தோற்றது? அதே கம்பனியின் மற்றக் கப்பல்கள் எல்லாம் புகைக்க விட்டுக்கொண்டிருக்க, ஒன்றில் மட்டும் தடுத்தால் ஆள் பக்கத்துக் கப்பலுக்குப் போவான்தான். எல்லாக் கப்பலிலும் ஒரே விதி என்றால் எங்கே போவான்? விமானக் கம்பனி எதுவும் புகைத்தடையால் வங்குரோத்தாகவில்லையே. ‘பரடைஸ்’ காட்டிய பாடம், இந்த விதியைத் தனித்தனிக் கம்பனியின் விருப்பத்துக்கு விடக்கூடாது, துறைமுகமும் அரசும் போடவேண்டும் என்பதுதான்.

நெருப்பைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. 2006 மார்ச் 23 அதிகாலை, ஜமைக்காவை நோக்கிப் போய்க்கொண்டிருந்த ‘ஸ்டார் பிரின்சஸ்’ கப்பலின் மாடமொன்றில் தீப்பிடித்தது. ஒருவர் இறந்தார், வரிசையாக அறைகள் எரிந்தன. விசாரித்த பிரித்தானியக் கடல் விபத்து விசாரணைப் பிரிவு, அணையாமல் எறியப்பட்ட சிகரெட் துண்டே பெரும்பாலும் காரணமாக இருக்கலாம் என்றது. தீயணைப்புக் குழாயும் பயிற்சி பெற்ற மாலுமிகளும் உள்ள பெருங்கப்பலின் கதை அது. எங்கள் படகில் இருப்பது பைபர் உடலும் எரிபொருள் கலனும் எண்ணெய்ச் சீலையும். இவற்றுக்கு நடுவே துண்டைச் சுண்டி எறிகிறார்கள், அதுவும் கடலில் விழும் என்ற நம்பிக்கையில். எதிர்காற்றில் சுண்டிய துண்டு திரும்பி வந்து ஒருவரின் வேட்டியில் விழுந்ததை நான் பார்த்திருக்கிறேன். வேட்டி ஓட்டையானதோடு போயிற்று.

இனி எங்கள் மண்ணுக்கே உரிய எதிர்வாதம். கொஞ்சம் மரியாதையோடு மறுக்கவேண்டியது இது. “யாழ்ப்பாணத்தானுக்குப் புகையிலையைப் பற்றிச் சொல்லவந்திட்டியளோ?” என்பார்கள். உண்மைதான். ஒல்லாந்தர் காலத்திலேயே எங்கள் புகையிலை திருவாங்கூருக்குப் போனது. தென்னிலங்கைப் பட்டினங்களில் யாழ்ப்பாணத்தாரின் சுருட்டுக்கடை இருந்தது. அந்தக் காசில் வீடு எழும்பியது, பெண்பிள்ளைகளுக்குச் சீதனம் சேர்ந்தது, பிள்ளைகள் படித்து வெளியேறினார்கள். செம்மண் தோட்டத்தில் பட்டை கட்டி இறைத்து, இலை முற்ற வெட்டி, கொட்டிலில் கட்டித் தூக்கி, பொச்சுமட்டைப் புகை போட்டுப் பதமாக்குகிற வேலை எவ்வளவு முறிவு என்பது அந்த மணத்தோடு வளர்ந்தவர்களுக்குத் தெரியும். 2020க்குள் புகையிலைச் செய்கையை நிறுத்தப்போவதாக அரசு அறிவித்தபோது இங்கே தோட்டக்காரர் கலங்கியதில் நியாயம் இருந்தது. மாற்றுப் பயிரும் சந்தையும் காட்டாமல் திகதி மட்டும் குறித்தால் யார்தான் கலங்கமாட்டார்? அந்த அறிவிப்புப் பிறகு நடைமுறைக்கு வரவுமில்லை.

ஆனால் படகுத் தட்டில் எரிகிற சிகரெட்டுக்கும் இந்தத் தோட்டக்காரருக்கும் என்ன தொடர்பு? யாழ்ப்பாணப் புகையிலை பெரும்பாலும் சுருட்டுக்கும் வெற்றிலை வாய்க்கும் போகிறது. இந்நாட்டில் சட்டப்படி சிகரெட் செய்து விற்பது ஒரே கம்பனி, சிலோன் டொபாக்கோ. அது பிரிட்டிஷ் அமெரிக்கன் டொபாக்கோவின் பிள்ளை. படிவாசலில் நிற்பவர் இழுக்கிற ஒவ்வொரு இழுவையின் இலாபமும் அந்தப் பக்கம் போகிறது, அரசின் வரி போக. கம்பனியின் வரவுக்கு எங்கள் தோட்டக்காரரின் வியர்வையைக் கேடயமாகப் பிடிப்பது அவருக்குச் செய்கிற மரியாதையல்ல. படகில் புகைக்காதே என்ற விதியால் ஒரு கன்றுகூடப் பிடுங்கப்படப்போவதில்லை. அது எதைப் பயிரிடுவது என்று சொல்லும் விதியல்ல. பயிரிட்டவரின் மனைவியும் பேரப்பிள்ளையும் படகில் ஏறும்போது அவர்கள் மூச்சைக் காக்கிற விதி. உலகம் முழுவதும் ஆண்டுதோறும் பத்து இலட்சத்துக்கு மேற்பட்டோர் மற்றவர் விட்ட புகையால் சாகிறார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. தாங்கள் பத்தாமலே செத்தவர்கள் அவர்கள்.

பாரம்பரியம் என்றால் இதையும் சேர்த்துச் சொல்லவேண்டும். நயினை நாகபூசணி அம்மன் கோயில் வாசலில் எவரும் பத்துவதில்லை. நாகவிகாரைக்கு வருகிற தெற்குச் சனமும் விகாரை முற்றத்தில் பத்துவதில்லை. ஆனித் திருவிழாவுக்கு விரதம் பிடித்துத் தோய்ந்து வந்த சனத்தின் தலைக்கு மேலே, அதுவும் கோயிலுக்குப் போகிற படகிலே, புகை விடலாம் என்பது எங்கள் எந்த முன்னோர் வகுத்த வழக்கம்?

சட்டம் இல்லையா என்றால், இருக்கிறது. 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்க, புகையிலை மற்றும் மதுசாரம் மீதான தேசிய அதிகார சபைச் சட்டம் மூடிய பொது இடங்களில் புகைப்பதைத் தடுக்கிறது. 30 அறைகளும் அதற்கு மேலும் உள்ள ஹோட்டல்கள், 30 பேர் இருக்கக்கூடிய உணவகங்கள், விமான நிலையங்கள் ஆகியவை மட்டும் தனியிடம் ஒதுக்கலாம் என்று விலக்கும் கொடுக்கிறது. கடலுக்கு அப்பால் இந்தியாவின் 2003ஆம் ஆண்டுச் சட்டத்திலும் அதே முப்பதுக் கணக்குத்தான். இந்த விலக்கு எழுதப்பட்டது கதவைத் திறந்து வெளியே போகக்கூடிய தரைக் கட்டடங்களை நினைத்து. அதையே மிதக்கும் ஹோட்டல் என்ற பெயரில் கப்பலுக்குக் கொண்டுவர விடக்கூடாது. படகின் உள்ளறை சட்டத்தின் கண்ணில் படும், படிவாசலும் மேற்தட்டும் தப்பிவிடும் என்ற குழப்பமும் இருக்கிறது. அதைத் தீர்க்கப் பாராளுமன்றம் வரை போகத் தேவையில்லை. படகுச் சேவைக்கு அனுமதி கொடுக்கும்போது “முகப்பிலிருந்து பின்னணியம் வரை, உள்ளும் வெளியும், ஓட்டுநர் உட்பட” என்று ஒரு வரி சேர்த்தால் போதும். ஓட்டுநர் உட்பட என்பதைச் சும்மா எழுதவில்லை. முதல் சிகரெட் பல படகுகளில் அங்கேதான் பற்றுகிறது.

காங்கேசன்துறைக்கு வருகிற கப்பலுக்கும் அதையே கேட்கலாம். எங்கள் துறையில் கட்டி நிற்கும் நேரத்திலாவது புகைக்கும் மூலை பூட்டியிருக்கவேண்டும். நாகபட்டினக் கப்பலுக்கு இரு நாட்டு அதிகாரிகளும் ஒரே விதியை மூன்று மொழியிலும் எழுதி ஒட்டவேண்டும். புகைப்பவர்களையும் துரத்தவேண்டாம். குறிகட்டுவானில் வரிசை நிற்கிற இடத்துக்கு எட்டத்தில், காற்றுப் போகிற திசையில், மணல் வாளி வைத்த ஒரு இடம் கொடுங்கள். ஏறுமுன் அங்கே பத்தட்டும், இறங்கிய பின் அங்கே பத்தட்டும்.

விதி வரும்வரைக்கும் படகில் இருப்பவர்கள் வாய் திறக்கலாம். சண்டை வேண்டாம், சட்டம் பேசவும் வேண்டாம். “அண்ணை, கீழை பிள்ளையள் இருக்கு, கரைக்குப் போய்ப் பத்துங்கோ” என்று சொன்னால் பெரும்பாலானவர்கள் அணைத்துவிடுவார்கள். அடுத்த முறை படகில் ஏறும்போது முதலில் நீங்கள் சொல்லுங்கள்.